கடலூர்க் கடலுக்கு அடியில் ஒரு மலைச்சரிவு

சிதம்பரத்தைச் சுற்றி மலை கிடையாது. நெய்வேலி அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை விட்டுவிட்டால், நடராசர் கோயில் கோபுரங்களுக்கு மேல் கண்ணை உயர்த்திப் பார்க்க அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் எங்கும். வயல், வாய்க்கால், அதைத் தாண்டினால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, அதற்கும் அப்பால் கடல். மலையில் விழுந்த விமானங்களைப் பற்றி எழுத வேண்டுமானால் நீலகிரிக்கோ அருணாசலப் பிரதேசத்துக்கோதான் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் கடல்நீரை வடித்துவிட்டுப் பார்த்தால் கதை வேறு. தெற்கே பாக் விரிகுடாவில் மணிக்கணக்கில் விசைப்படகில் போனாலும் ஆழம் பத்துப் பதினைந்து மீட்டர்தான் இருக்கும். கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையிலோ நிலத்தின் நீட்சியான கண்டத்திட்டு குறுகலானது. கரையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் போவதற்குள் தரை சரியத் தொடங்கி, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தச் சரிவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலடிப் பள்ளத்தாக்குகளும் கிடக்கின்றன. பாலாறு, புதுச்சேரி, கடலூர் என்று கரையின் பெயராலேயே கடலாய்வாளர்கள் அவற்றை அழைக்கிறார்கள். சரிவு முடிந்து வங்கக் கடலின் அடித்தளத்தைத் தொடும்போது ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டிவிடும். தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். அதைவிடப் பெரிய ஒரு மலைத்தொடரின் உச்சி விளிம்பில்தான் கடலூர் உட்கார்ந்திருக்கிறது. மலையின் உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதால் நமக்கு அது சமவெளியாகத் தெரிகிறது.

2015 ஜூன் 8-ஆம் தேதி இரவு ஒரு சிறு விமானம் விழுந்தது இந்தச் சரிவில்தான்.

அது இந்தியக் கடலோரக் காவல் படையின் டோர்னியர். எண் சிஜி-791. இரண்டு டர்போபிராப் எஞ்சின்களும் மேலே பொருத்திய இறக்கையும் கொண்ட ஜெர்மானிய வடிவமைப்பு. கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பல்லாண்டுகளாகத் தயாரித்துவரும் ரகம் அது. இந்தக் குறிப்பிட்ட விமானம் பழையதும் அல்ல, 2014-இல்தான் படையில் சேர்ந்தது. மாலையில் சென்னையிலிருந்து கிளம்பி, தமிழகக் கரையையும் பாக் விரிகுடாவையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவது அன்றைய வேலை. உள்ளே மூன்று அதிகாரிகள். இரவு 9 மணிக்குக் கடைசியாகப் பேசினார்கள். 9.23 வரை திருச்சி ராடாரில் விமானம் தெரிந்தது. அப்போது அது காரைக்காலுக்கு அப்பால் கடல்மேல் இருந்தது. பிறகு திரையில் ஒன்றும் இல்லை.

அதே பயணத்தில் கொஞ்சநேரம் முன்னால் அது பாக் விரிகுடாவின் மேல் விழுந்திருந்தால், முக்குளிப்பவர்கள் இறங்கியே எடுத்திருக்கக்கூடிய ஆழம். விழுந்த இடத்தின் ஆழமோ தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேலே. விபத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், விபத்துக்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்தத் தரையின் வடிவம்தான்.

அடுத்த நாளிலிருந்து கடலோரக் காவல் படைக் கப்பல்களும் கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் வரிசைகட்டிக் கடலைத் துழாவின. 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் மே 29-இல் முடிந்திருந்ததால் கடலூர், நாகை விசைப்படகுகளும் கடலில்தான் இருந்தன. கண்ணால் தேடுவதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. சிறு விமானம் வேகமாகத் தண்ணீரில் மோதினால் மேலே மிதப்பதற்கு அதிகம் மிஞ்சாது. மிஞ்சுவதையும் நீவாடு என்கிற கடல் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். நாலு நாள் கழித்து ஒரு துண்டு கிடைத்தாலும், அது எங்கிருந்து மிதந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப்போடுவது தனி வித்தை.

விமானங்களில் அவசரகால ரேடியோ ஒன்று இருக்கும். மோதிய வேகத்தில் தானாக உயிர்பெற்று, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளை நோக்கிக் கூப்பிடும். இந்தியாவுக்கான அழைப்புகளைப் பெங்களூரில் இஸ்ரோவின் மையம் பார்த்துக்கொள்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியோ அலை உப்புத்தண்ணீருக்குள் போகாது. விமானம் மூழ்கிய கணத்தில் அந்த ரேடியோ ஊமையாகிவிடும். நீருக்கு அடியிலிருந்து வெளியே வரக்கூடியது ஒலி மட்டும்தான். அதற்கென்றே கறுப்புப் பெட்டியோடு ஒலிப்பான் என்ற ஒரு சிறு உருளையைப் பொருத்துகிறார்கள். தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, நொடிக்கு ஒரு தடவை 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதனால் அதைக் கேட்கவும் கருவி வேண்டும். பேட்டரி குறைந்தது 30 நாள் தாங்கும் என்பது அக்காலத்து வழக்கமான உத்தரவாதம்.

முப்பது நாள் போதாதா என்று தோன்றலாம். இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண் ஒலியைக் கடல்நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். ஒன்று, இரண்டு, நிலைமை நன்றாக இருந்தால் மூன்று கிலோமீட்டர், அதற்குமேல் அந்தத் துடிப்பு கேட்காது. கருவியே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தால், அதன் வீச்சில் பெரும்பகுதி மேலே ஏறிவருவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மேலும், வெயில்பட்ட மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் நடுவில் வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கில் ஒலி வளைந்து திசைமாறும். தரை சமதளமாக இருந்தாலாவது ஓரளவு கணித்துவிடலாம். பள்ளத்தாக்குச் சுவரின் ஓரத்தில் கிடக்கும் கருவியின் குரல் ஒருபக்கம் மறைக்கப்படும், மறுபக்கம் எதிரொலிக்கும். மலையில் செல்போன் சிக்னல் ஒரு வளைவில் வந்து அடுத்த வளைவில் போய்விடுகிறதே, அதுபோலத்தான்.

சிஜி-791 விஷயத்திலும் இதுவே நடந்தது. கடற்படையின் அளவாய்வுக் கப்பல் ஐஎன்எஸ் சந்தாயக், தேடத் தொடங்கிய முதல் நாட்களிலேயே விட்டுவிட்டு ஒரு துடிப்பைக் கேட்டது. கேட்டது உண்மையா, எந்தத் திசையிலிருந்து என்று உறுதிசெய்ய முடியவில்லை. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி கப்பலும் தரையை அளக்க வந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஜூலை முதல் வாரத்தில், பேட்டரியின் ஆயுள் முடியும் தறுவாயில், ஐஎன்எஸ் சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல்தான் அந்தத் துடிப்பைச் சரியாகப் பிடித்தது. 1987-இல் படையில் சேர்ந்த, டீசலும் மின்சாரமும் கொண்டு ஓடும் ரஷ்யக் கட்டுமானம் அது. எதிரி நீர்மூழ்கியைக் கேட்பதற்காக வைத்த காதுகள் அதனிடம் இருந்தன. மேற்பரப்பில் ஓடும் கப்பல் தன் எஞ்சின் சத்தத்துக்கும் அலையின் சத்தத்துக்கும் மேலாகத்தான் எதையும் கேட்க வேண்டும். நீர்மூழ்கியோ அந்த வெப்ப அடுக்குக்குக் கீழே இறங்கி, பேட்டரியில் அசையாமல் நின்று கேட்கும். வேலைக்கு ஏற்ற ஆளைக் கடைசியில்தான் கூப்பிட்டார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் தேடும் பரப்பு பெரிதாக இருந்தபோது மெதுவாக நகரும் ஒரு நீர்மூழ்கியை அனுப்பிப் பயன் இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

இடம் தெரிந்ததும் ரிலையன்ஸ் நிறுவனத்தின் பணியில் இருந்த ஒலிம்பிக் கேன்யன் கப்பல் வந்தது. எண்ணெய்க் கிணறு வேலைக்கான கப்பல், ஆழத்தில் இறங்கும் இயந்திரக் கையோடு. ஜூலை 10 அன்று கடலூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 16.5 கடல் மைல் தொலைவில், 950 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில், கறுப்புப் பெட்டியும் விமானத்தின் பாகங்களும் கிடைத்தன. பிறகு அதிகாரிகளுடைய எச்சங்களும். விழுந்து 32 நாள் ஆகியிருந்தது. முப்பது நாள் பேட்டரிக்கு அது எவ்வளவு நெருக்கமான கணக்கு என்று பாருங்கள்.

அந்தத் தேடலில் எனக்கு முக்கியமாகப் படுவது கண்டுபிடித்த நாளைவிட, சந்தாயக் அரைகுறையாகக் கேட்டதற்கும் சிந்துத்வஜ் தெளிவாகக் கேட்டதற்கும் இடையில் கழிந்த மூன்று வாரங்கள். அந்த இடைவெளியில் கப்பல்கள் எத்தனையோ முறை அந்தப் பரப்பைக் கடந்திருக்கும், எதுவும் கேட்டிருக்காது. கேட்கவில்லை என்பதற்காக அங்கே இல்லை என்று அடித்துவிட்டு வேறு பக்கம் போயிருந்தால், விமானம் இன்றும் அங்கேயே கிடந்திருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல, உலகத்தில் நடந்திருக்கிறது. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்துக்கு அடியில் நடு அட்லாண்டிக் மலைத்தொடர். சிகரமும் கணவாயுமாக, ஆழம் 3,900 மீட்டர். முதல் மாதத்தில் ஒலிப்பானைத் தேடிய கப்பல்கள் சரியான இடத்துக்கு மேலேயே போயிருந்தன. ஒன்றும் கேட்காததால் அந்தப் பரப்பு பட்டியலில் கீழே தள்ளப்பட்டது. இரண்டு ஆண்டு வேறு எங்கெங்கோ தேடினார்கள். பிறகு மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள் ஒரே ஒரு அனுமானத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒலிப்பான்கள் வேலை செய்திருக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால்? நிகழ்தகவு முழுவதும் விமானத்தின் கடைசி நிலைக்கு அருகில் வந்து குவிந்தது. 2011 ஏப்ரல் முதல் வாரத்தில், தேடத் தொடங்கிய சில நாட்களுக்குள், அங்கேயே கிடைத்துவிட்டது.

காணாமல் போனவற்றைப் பற்றி இப்படிக் கணக்குப் போடுவதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் மண்ணில்தான் இறந்தார், அதுவும் விமான விபத்தில், மலையில் மோதி. ஆபிரகாம் வால்டு 1902-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தார். குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களில் ஓட்டை எங்கெங்கே இருக்கிறதென்று பார்த்து, அங்கே கவசம் போடலாமா என்ற கேள்வி வந்தபோது, திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று கேட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை எங்கும் புழங்குகிறது. விமானப் படத்தின்மேல் சிவப்புப் புள்ளிகளோடு அதைப் பார்த்திருப்பீர்கள். கதை கொஞ்சம் மெருகேறியது. அவர் எழுதியது ஒற்றை வரி ஞானம் அல்ல, கணிதம் நிரம்பிய குறிப்புகள். திரும்பியவற்றின் காயங்களிலிருந்து, எந்தப் பாகத்தில் அடிபட்டால் விமானம் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் முறை அவற்றில் இருக்கிறது. அவை பொதுமக்கள் கைக்கு வர 1980 ஆயிற்று. சாரம் மட்டும் கதையில் சொல்வதுதான். கண்ணுக்குத் தெரிபவை எல்லாவற்றின் பிரதிநிதியும் அல்ல.

1950-இல் இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணம் வந்த வால்டு, டிசம்பர் 13 அன்று மனைவியோடு ஏர் இந்தியாவின் டிசி-3 விமானத்தில் தெற்கே வந்துகொண்டிருந்தார். கோத்தகிரிக்கு அருகே ரங்கசாமி தூண் பக்கத்து மலைச்சரிவில் அது மோதியது. உள்ளே இருந்த 21 பேரில் யாரும் பிழைக்கவில்லை. நீலகிரி ஓரத்துக் காட்டில், செங்குத்தான பாறையும் மேகமும் சேரும் இடம் அது. விமானத்தை ஓட்டுபவருக்கு மலை இருப்பது தெரியும், மலை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. மேகம் அந்த இரண்டையும் பிரித்துவிடும்.

மலையில் விழுந்த விமானத்தைத் தேடுவதும் கடலடிச் சரிவில் தேடுவதும் அடிப்படையில் ஒன்றே என்று நான் நினைக்கிறேன், மறைப்பது மட்டும் வேறு. 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்து மெச்சுகாவுக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 காணாமல் போனது. 13 பேர். எட்டு நாள் கழித்து, ஜூன் 11-இல், லிபோவுக்கு வடக்கே 16 கிலோமீட்டரில், ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் சிதைவுகளை ஒரு ஹெலிகாப்டர் கண்டது. அதற்கிடையில் சுகோய் முதல் இஸ்ரோவின் ராடார் செயற்கைக்கோள் வரை எல்லாம் தேடின. மேகம் விலகாமல் கண்ணுக்கு வேலை இல்லை. அடர்காட்டில் ராடாருக்கும் சிரமம். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தபோதும் ஓர் இரவு முழுக்கப் போயிற்று. ஒரு மாநிலத்தின் முதல்வர், நாட்டின் நடுவே, கர்நூலிலிருந்து அதிக தூரமில்லை. அப்படியும் மறுநாள் காலைதான்.

இத்தகைய இடங்களில் அவசர ரேடியோ உதவாதா? உதவலாம். ஆனால் மோதலில் முதலில் ஒடிவது பெரும்பாலும் அதன் ஆன்டெனாதான், அதுவும் தப்பினால் தீ இருக்கிறது, தீயும் இல்லையென்றால் பள்ளத்தாக்கின் சுவர் செயற்கைக்கோளை மறைக்கிறது. போதாக்குறைக்கு 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கூப்பிடும் பழைய கருவிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதே இல்லை. கருவி மாட்டியிருக்கிறது என்பதும் அதைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதும் தனித்தனி விஷயங்கள். மலேசியாவின் எம்எச்370 கறுப்புப் பெட்டிகளில் ஒன்றின் ஒலிப்பான் பேட்டரி, விமானம் காணாமல் போவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே, 2012 டிசம்பரில், காலாவதியாகிவிட்டிருந்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

நிலத்து மலைக்கு ஒரு வசதி உண்டு. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் காட்டேரிக்கு அருகே விழுந்தபோது, தேட வேண்டிய தேவையே வரவில்லை. நஞ்சப்பச் சத்திரத்து மக்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து, வீட்டிலிருந்த போர்வையையும் தண்ணீரையும் கொண்டுவந்தார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரும் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் ஒரு வாரம் போராடிய பிறகு. அடுத்த மாதம் விமானப்படை சொன்ன காரணம் இது: பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது.

இந்தக் கடைசிச் சொற்றொடரைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறது, இறக்கை ஒழுங்காக இருக்கிறது, விமானி ஓட்டிக்கொண்டிருக்கிறார், அப்படியே மலையில் போய் முட்டுகிறது. 1974 டிசம்பரின் முதல் நான்கு நாளுக்குள் இப்படி இரண்டு நடந்தன. 1-ஆம் தேதி வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 ஒரு குன்றில் மோதி 92 பேர் இறந்தார்கள். 4-ஆம் தேதி ஹஜ் பயணிகளைச் சுமந்து சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு வந்த மார்ட்டின்ஏர் டிசி-8, மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாக எண்ணி இறங்கியதே காரணம். அவை பெரிய விமானங்கள் என்றாலும் மலைக்கு அந்த வேறுபாடு தெரியாது. வர்ஜீனியா விபத்துக்குப் பிறகுதான், தரை நெருங்கினால் கத்தும் கருவியை அமெரிக்கா தன் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது. டான் பேட்மன் என்ற பொறியாளரின் வாழ்நாள் வேலை அது. முதல் தலைமுறைக் கருவி கீழே மட்டும் பார்த்தது. செங்குத்தாக எழும் பாறை முன்னால் இருந்தால், எச்சரிக்கை வரும்போது நேரம் கடந்திருக்கும். 1990-களில் உலகத்தின் தரை வடிவத்தையே நினைவில் வைத்துக்கொண்டு முன்னோக்கிப் பார்க்கும் கருவி வந்தது. அதற்கான வரைபடங்களில் ஒருபகுதி, உடைந்துபோன சோவியத் ஒன்றியத்தின் ராணுவ வரைபடங்களிலிருந்து கிடைத்தது என்பது சுவையான தகவல்.

சிறு விமானம் என்பதற்கு எடை ஒரு வரையறை ஆவது இங்கேதான். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் அந்தத் தரை எச்சரிக்கைக் கருவியை நீண்டகாலம் 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது 9 பயணிகளுக்கு மேல் ஏற்றும் டர்பைன் விமானங்களிடம்தான் கேட்டுவந்தன. ஏர் பிரான்ஸ் 447-க்குப் பிறகு ஒலிப்பானின் பேட்டரி ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாக்கினார்கள், நல்லது. அதோடு விமானத்தின் உடலிலேயே, 8.8 கிலோஹெர்ட்ஸில் வெகுதூரம் கேட்கும் இன்னொரு ஒலிப்பானும் வேண்டும் என்றார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணைக் கடல் அவ்வளவு சீக்கிரம் விழுங்காது. கடலூர் சரிவு போன்ற இடத்துக்கு ஏற்றது அதுதான். ஆனால் அந்த விதி 27,000 கிலோவுக்கு மேற்பட்ட, நெடுங்கடல் கடக்கும் விமானங்களுக்கு மட்டும். டோர்னியர் முழுச் சுமையோடு ஆறாயிரத்துச் சொச்சம் கிலோ.

எடைக்கோட்டுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பெரிய விமானத்தில் அதிக உயிர்கள், அதிகப் பணம். சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆனால் ஒலிப்பான் விஷயத்தில் இந்த நியாயம் செல்லாது. அது ஒரு சாண் நீளம்கூட இல்லாத, கால் கிலோவுக்கும் குறைவான உருளை. உண்மையில் தேடக் கடினமானது சிறு விமானம்தான். சிதைவு குறைவு, மிதப்பது குறைவு, தாழப் பறப்பதால் ராடாரிலிருந்து சீக்கிரம் மறைகிறது. அதிகம் கத்த வேண்டியது எதுவோ அதற்குத்தான் வாய்ப்பூட்டு.

ராணுவ, சுங்க, காவல் விமானங்கள் 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவின்படி இந்த விதிகளுக்கே வெளியே. எதைப் பொருத்துவது என்பது அந்தந்தப் படையின் முடிவு. அந்த முடிவுகள் எப்படிப் பலன் தரும் என்பதை, சிஜி-791 விழுந்து ஓராண்டு தாண்டியதும் அதே வங்கக் கடல் காட்டியது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படை ஏஎன்-32 காணாமல் போனது. நீருக்கடியில் ஒலிக்கும் கருவி அதில் இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. கடலூர்க் கடலில் ஒரு மாதத்தில் முடிந்த வேலை இங்கே ஏழரை ஆண்டு இழுத்தது. 2024 ஜனவரியில்தான், கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி ஆழ்கடல் ஊர்தி எடுத்த படங்களிலிருந்து, சென்னைக் கரைக்கு 310 கிலோமீட்டர் தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆழமும் தொலைவும் வேறு என்ற சமாதானம் ஓரளவுக்குத்தான் நிற்கிறது. ஒன்று கூப்பிட்டது, மற்றது கூப்பிடவில்லை.

கிடைத்த பிறகும் ஒரு தடை மிச்சம். சிவில் விபத்துகளை 2012-இல் அமைந்த விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்து, அறிக்கையை எல்லாரும் படிக்க வெளியிடுகிறது. படைகளின் விசாரணை உள்ளேயே நடக்கும், உள்ளேயே தங்கும். 2017 முதல் 2022 வரை விமானப்படைக்கு நேர்ந்த 34 விபத்துகளின் பட்டியல் 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் வந்தது. அதில் குன்னூர் விபத்துக்கு எழுதியிருந்த காரணம் மனிதத் தவறு, விமானப் பணிக்குழு என்பது மட்டும். ஒரு மலைச்சரிவு, ஒரு மேகம், இருபது நிமிடப் பயணம் எல்லாம் அந்தச் சில சொற்களுக்குள். போர்க்கருவிகளின் ரகசியம் காக்க வேண்டியதுதான். மேகம் வந்தால் பள்ளத்தாக்கில் என்ன செய்ய வேண்டும் என்பதில் என்ன ரகசியம் இருக்கிறது? அதே நீலகிரியில், அதே அருணாசலத்தில் சிவில் விமானிகளும்தானே பறக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்குப் பயணிகள் சேவை தொடங்கியதும் கான்பூர் டோர்னியரை வைத்துத்தான்.

கடலூர் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு வரவிருக்கிறது. நெய்வேலியில் சுரங்க நிறுவனத்தின் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதை உடான் திட்டத்தில் சேர்த்து, சென்னைக்குச் சிறு விமானங்கள் விடுவதற்கான வேலைகள் சில ஆண்டுகளாக நடந்துவருகின்றன. விட்டால் நல்லதுதான். விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சென்னைக்குப் பகல் முழுக்கப் பேருந்தில் உட்காருகிறவர்களுக்கு அருமை தெரியும். ஆனால் இத்தகைய ஓடுதளங்களுக்கு வருபவை ஒன்பது, பத்தொன்பது இருக்கைகள் கொண்டவை. கருவிகளைக் கட்டாயமாக்கும் கோடுகளுக்குச் சற்று மேலேயோ சற்றுக் கீழேயோ நிற்கும் ரகங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேகம் தாழும்போது அவை கரையோரமாகவோ கடல்மேலோ சுற்றிவர நேரலாம். உரிமம் கொடுக்கும்போது ஓடுதளத்தின் நீளத்தையும் தீயணைப்பு வண்டிகளின் எண்ணிக்கையையும் கேட்கிறார்கள். அங்கே வந்திறங்கும் ஒவ்வொரு விமானமும், எடை எதுவாக இருந்தாலும், 90 நாள் ஒலிப்பானும் முன்னோக்கிப் பார்க்கும் தரை எச்சரிக்கைக் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்று அந்த உரிமத்திலேயே ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. சேவை தொடங்கிய பிறகு கேட்பதைவிடத் தொடங்குமுன் கேட்பது எளிது.